டபுள் பார் சைக்கிளுக்கு ஆர்ட் டெக்கோ உடுப்பு

எடுத்துக்கொண்டது அம்பத்தூரில் தயாரான பழைய ஹெர்குலிஸ். 24 இன்ச் ஃபிரேம், டபுள் பார் (சீட்டுக்கு முன்னால் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பார்), 28 இன்ச் சக்கரம், ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கிற பிரேக்). பால் கேன் கட்டி ஓடிய வண்டி, கேரியருக்கு இரண்டு பக்கமும் கேன் உரசி உரசி பெயின்ட் போய் இரும்பு தெரிந்தது. இதை ஆர்ட் டெக்கோ என்கிற 1920-30-களின் வடிவமைப்புப் பாணியில், 1930-களின் அமெரிக்க ஸ்ட்ரீம்லைன் சைக்கிள் மாதிரி, நடுவில் டேங்க், பாவாடை (பக்கவாட்டில் இறங்குகிற தகரம்) வைத்த மட்கார்டு, புல்லட் ஹெட்லைட் என்று மாற்ற வேண்டும், ஆனால் எல்லா வேலையும் சென்னையில் நடந்து போகிற தூரத்துப் பட்டறைகளிலேயே முடிய வேண்டும் என்பதுதான் திட்டம். டெயில் லேம்ப் தவிர எல்லாம் முடிந்தது. இதே மாதிரி செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

டபுள் பாரைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1933-ல் ஷ்வின் கம்பெனி 26 x 2.125 பலூன் டயரோடு சைக்கிள் விட்டது, மறுவருடமே ஏரோசைக்கிள் என்று ஒன்று வந்தது, 1935-ல் சியர்ஸ் கடைகளில் எல்ஜின் புளூபேர்ட். பொருளாதார வீழ்ச்சியில் சைக்கிள் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம். பெரியவர்கள் எப்போதோ காருக்குப் போய்விட்டார்கள், மிச்சம் இருந்த வாடிக்கையாளர்கள் பையன்கள்தான், பையன்களுக்கு விமானமும் மோட்டார் சைக்கிளும்தான் கனவு, அதனால் பெட்ரோல் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் விமானத்தின் உடம்பு மாதிரி ஒரு தகரக் கூடு வைத்தார்கள். உள்ளே பெட்ரோல் கிடையாது, பேட்டரியும் ஹாரனும் இருக்கும். அந்தக் கூடு உட்கார மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய் வேண்டும். நம்ம ஊர் டபுள் பாரில் அந்த இடம் சும்மாவே காலியாகக் கிடக்கிறது. மூட்டை ஏற்றுவதற்காகப் போட்ட இரண்டாவது பார், எனக்கு டேங்கின் தரையாகிவிட்டது.

இந்தியாவில் அந்த ஃபேஷன் சைக்கிள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நமக்கு வந்தது பர்மிங்காம் வண்டி, கறுப்பு உடம்பு, தங்கக் கோடு, நேர் குழாய், அவ்வளவுதான். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியபோது அம்பத்தூரிலும் அதே உருவம்தான் வார்க்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் குழுமத்தின் தலைமை அலுவலகம் பாரிமுனை டேர் ஹவுஸ். பாரி கம்பெனிக்காக 1940-ல் கட்டி முடித்த ஆர்ட் டெக்கோ கட்டடம் அது, 1981-ல் பாரி கம்பெனியை வாங்கியபோது இவர்கள் கைக்கு வந்தது. ஆக, கட்டடத்துக்கு டெக்கோ கிடைத்தது, சைக்கிளுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாக்கியைத்தான் நான் தீர்த்து வைக்கிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வேலையைத் தொடங்குமுன் என்ன மாதிரி டெக்கோ என்று முடிவு செய்துகொள்வது நல்லது. இணையத்தில் தேடினால் தங்கக் கலர் முக்கோணமும் விசிறியும் கொட்டுகிறது. அது 1925 பாரிஸ் கண்காட்சியில் தொடங்கி நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம் (1930) வரை வந்த பாணி, உயரத்தைக் காட்டுகிற பாணி, கோடுகள் மேலே பார்க்கும். சைக்கிளில் அதை ஒட்டினால் கல்யாணப் பத்திரிகை ஒட்டின மாதிரி இருக்கும். 1934-ல் வந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ கார், அதே வருடத்து பர்லிங்டன் ஸெஃபிர் ரயில், இவையெல்லாம் வேறு கிளை. இங்கே கோடுகள் படுத்துக்கொண்டு ஓடும், முனைகள் உருளும், முன்பக்கம் மொத்தமாக இருந்து பின்பக்கம் மெலியும். மும்பை மரைன் டிரைவ் ஓரத்துக் கட்டடங்களில் இதைப் பார்க்கலாம், பால்கனி வளைந்து மூலையைத் தாண்டிப் போகும், ஜன்னல் சன்ஷேட் ஒரே கோடாக நீளும். (2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மும்பைக் கட்டடத் தொகுப்பில் அந்த வரிசையும் உண்டு.) ஓடுகிற பொருளுக்கு இதுதான் பொருத்தம். நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: எல்லாக் கோடும் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்தை நோக்கி ஓட வேண்டும், குறுக்கே எதுவும் போகக் கூடாது. அப்புறம் வந்த ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இந்த விதியே பதில் சொல்லிவிட்டது.

ஹெட் பேட்ஜில் (ஹேண்டிலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கிற முத்திரைத் தகடு) மட்டும் ஒரு சூரியக் கதிர் வைக்கலாமா என்று ஆசை. டெக்கோவில் ரொம்பப் பிரபலமான உருவம், அரை வட்டமும் விரிகிற கதிர்களும். வரைந்து சைக்கிள் கடை அண்ணனிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, சைக்கிள்ல உதயசூரியன் போட்டா தொண்ணூத்தாறு எலெக்‌ஷன் கூட்டணி மாதிரி இருக்குமே" என்றார். 1996-ல் மூப்பனாரின் த.மா.கா. சைக்கிள் சின்னத்தில் நின்று தி.மு.க.வோடு கூட்டு வைத்தது நினைவிருக்கிறவர்களுக்கு இந்த நகைச்சுவை உடனே புரியும். கதிரை விட்டுவிட்டேன். மூன்று படி வைத்த ஒரு கேடயம் போதும் என்று பித்தளையில் வெட்டிக்கொண்டேன்.

பிரிக்கிற வேலையைப் பற்றி நீட்ட வேண்டாம், ஓவராயில் செய்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு மூன்று விஷயம். காட்டர் பின் (பெடல் மாட்டுகிற கிராங்கை அச்சோடு பூட்டுகிற ஆப்பு) அடித்து எடுக்கும்போது நட்டை முழுசாகக் கழற்றாமல் மரை முனையோடு சமமாக வைத்து, கிராங்குக்கு அடியில் ஒரு கனமான குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே அடியாக அடிக்க வேண்டும், தட்டித் தட்டி அடித்தால் பின் தலை பரந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். செயின் பக்கத்து பி.பி. (கிராங்க் அச்சு சுற்றுகிற பாட்டம் பிராக்கெட்) கப்பும் இடது பெடலும் இடது மரை, எதிர்ப்பக்கம் சுற்றணும். பேரிங் பால்ஸ் பழையதைத் திரும்பப் போடாதீர்கள், பி.பி.க்கு ஒரு பக்கம் கால் இன்ச்சில் 11, பின் ஹப்பில் ஒரு பக்கம் கால் இன்ச்சில் 9, முன் ஹப்பில் 3/16-ல் 10, மொத்தமாக வாங்கினால் டீச்செலவுதான்.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்பதை மட்டும் அவசியம் பாருங்கள், ஏனென்றால் டேங்க் வைத்த பிறகு ஃபிரேம் கோணல் என்று தெரிந்தால் எல்லாம் வீண். பின் ஃபோர்க் முனை ஒன்றில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக்கொண்டு வந்து, மறு முனையில் இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பால் கேன் சுமந்த வண்டி என்பதால் பயந்துகொண்டே பார்த்தேன், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. குழாய்களை லக் என்கிற மூட்டுக்குள் செருகிப் பித்தளை ஊற்றிப் பற்றவைத்த ஃபிரேம், அந்தக்காலத்து ஆட்கள் வேலையில் குறை வைக்கவில்லை.

டயரில் ஒரு சபலம் வந்தது. அமெரிக்க வண்டி என்றாலே அந்தத் தடித்த பலூன் டயர்தான் அழகு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒத்துவரவில்லை. நம்ம 28 x 1½ டயரின் ரிம் அளவு 635 மி.மீ., பலூன் டயருக்கு 559. சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 4 செ.மீ. குறையும், பெடல் தரைக்கு 2 செ.மீ. கிட்டே இறங்கும், செயின்ஸ்டே (பின்சக்கர அச்சுக்குப் போகிற கீழ்க் குழாய்கள்) நடுவில் 54 மி.மீ. டயர் நுழையவே இடம் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உள்விளிம்பில் பிடிப்பவை, ரிம் மாறினால் பிரேக்கே இல்லை. ஆக 635-லேயே இருந்து, கிரீம் கலர் டயர் வரவழைத்தேன். வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது, 700சி டயரையும் சிலர் 28 இன்ச் என்றுதான் விற்கிறார்கள், அது 622. பக்கவாட்டில் 40-635 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் காசு கொடுங்கள்.

சரி, டேங்க். இதுதான் மொத்த வேலையில் பாதி.

முதலில் அட்டையில் செய்தேன். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, இரண்டு பாருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் புடைக்கிற மாதிரி மடித்து, டேப் போட்டு ஒட்டி, அதோடு தெருவில் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி "என்னப்பா, பார்சல் கொண்டு போறியா?" என்றார். அட்டையில் ஓட்டிப் பார்ப்பது விளையாட்டு இல்லை. டேங்கின் அகலம் 12 செ.மீ. இருந்தால் பார்க்க கம்பீரம், ஆனால் பெடல் மேலே வரும்போது தொடை உரசுகிறது. 9 செ.மீ.க்கு இறக்கினால் உரசவில்லை. அதுவும் பெரிய புடைப்பு முன்பக்கம், ஹெட் டியூபை ஒட்டி, முழங்காலுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், சீட் பக்கம் போகப் போக மெலிய வேண்டும். தண்ணீர்ச் சொட்டு உருவம். காற்றியலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிற சைக்கிளுக்குக் காற்றியலால் ஒரு பைசா லாபம் இல்லை. நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுகிற மாதிரி தெரிய வேண்டும், அது போதும்.

அட்டை அளவை வைத்து மாங்கட்டையில் அச்சு செதுக்கினேன். ஒரு பக்கத்துக்கு ஒன்று, இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிராக. தகரம் 22 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) ஷீட், அதாவது 0.7 மி.மீ. சொச்சம். 20 கேஜ் எடுத்தால் கையால் அடித்து வளைக்க முடியாது, 24 எடுத்தால் விரல் பட்டாலே அமுங்கும். புதுப்பேட்டைப் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிற ஒரு மேஸ்திரி, பழைய அம்பாசடர் கதவுக்கெல்லாம் உயிர் கொடுத்தவர், "சைக்கிளுக்கு எதுக்கு டிங்கரிங்?" என்று கேட்டுவிட்டு, அச்சைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு கொட்டாப்புளியை எடுத்தார். மணல் மூட்டை மேல் தகரத்தை வைத்து, மூக்குப் பகுதியை உள்ளேயிருந்து வெளியே தட்டித் தட்டிக் குழி எடுக்க வேண்டும், பிறகு அச்சின் மேல் போட்டு விளிம்புகளைச் சுருக்க வேண்டும். தட்டத் தட்ட இரும்பு இறுகும். மூக்கில் விரிசல் விடாமல் இருக்க நடுவில் ஒருமுறை கேஸ் டார்ச்சால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தானாக ஆறவிட்டார், தண்ணீர் ஊற்றவில்லை. ஆறின தகரம் மறுபடி சொன்னபடி கேட்டது.

டேங்க் பக்கவாட்டில் மூன்று கோடு புடைத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று வரைந்திருந்தேன். ஸ்ட்ரீம்லைன் பாணியில் இந்த மூன்று கோடு எல்லா இடத்திலும் வரும், ரேடியோப் பெட்டி, ரயில் எஞ்சின், சினிமா தியேட்டர் முகப்பு, எதை எடுத்தாலும். பெயின்டில் போட்டுக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னார். எனக்கு மனசு வரவில்லை, தகரத்திலேயே நிழல் விழ வேண்டும். இதற்கான மிஷின் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு போகும்போதுதான் டிரங்க் பெட்டி கண்ணில் பட்டது. பெட்டியின் மூடியில் நீளமாக வரிவரியாகப் புடைத்திருக்குமே, அது பீடிங் மிஷினில் இரண்டு உருளைகளுக்கு நடுவே தகரத்தை விட்டுக் கையால் சுற்றி எடுப்பது. பெட்டி செய்கிற தகரப் பட்டறையில் கேட்டதும் ஒத்துக்கொண்டார்கள். உருளைக்கும் மிஷின் உடம்புக்கும் நடுவே உள்ள ஆழம்தான் எவ்வளவு உள்ளே கோடு போடலாம் என்பதைத் தீர்மானிக்கும், என் தகரம் 13 செ.மீ. உயரம்தான், தாராளமாக நுழைந்தது. வரிசையும் முக்கியம்: மூக்கை அடித்து உருவாக்கின பிறகுதான் கோடு, கோடு போட்டதும் தகரம் நீளவாக்கில் கொஞ்சம் வில்லாக வளையும், அதைத் தட்டி நேராக்கின பிறகுதான் விளிம்பு மடிப்பு. மூன்று கோடும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன, முடிகிற இடம் மட்டும் வேறு வேறு. மேல்கோடு நீளம், நடுக்கோடு கொஞ்சம் குறைவு, கீழ்க்கோடு இன்னும் குறைவு. கையில் வாங்கிப் பார்த்தபோது அட்டைப் பெட்டி மறந்துபோயிற்று, விமானத் துண்டு ஒன்றைப் பிடித்திருக்கிற உணர்வு.

ஃபிரேமில் எதையும் வெல்டு செய்யவில்லை. மெல்லிய குழாய், ஆர்க் வெல்டிங் கொடுத்தால் பக்கத்தில் பலம் போகும், பிறகு வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது. இரண்டு பாரையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி முன்னால் ஒன்று பின்னால் ஒன்று பட்டைக் கிளாம்ப், அதற்கு அடியில் பழைய டியூப் ரப்பர். டேங்கின் இரண்டு பாதியும் அந்தக் கிளாம்பில் 4 மி.மீ. ஸ்க்ரூவால் பூட்டிக்கொள்ளும். ரப்பர் போடாமல் விட்டால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் தகர டப்பா உருண்ட சத்தம் வரும். அடியில் 5 மி.மீ. ஓட்டை இரண்டு, மழைத் தண்ணீர் வடிய. அந்தக்கால டேங்குகள் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் துருப்பிடித்துப் போயிருக்கின்றன, அதனால் உட்பக்கமும் இரண்டு கோட் பிரைமர் வாங்கியது.

மட்கார்டுக்குப் பாவாடை வைப்பது பார்க்க எளிது, செய்தால் தெரியும். டயரின் வெளி ஆரம் 35.5 செ.மீ. சுமார், மட்கார்டு 37-ல் நிற்கிறது, அந்த வளைவுக்கு ஏற்றபடி 24 கேஜ் தகரத்தில் பிறை வடிவில் துண்டுகள் வெட்ட வேண்டும். முழுப் பிறையை ஒரே துண்டாக வெட்டினால் பாதி ஷீட் வேஸ்ட், மூன்றாக வெட்டிச் சேர்த்தோம். பின் மட்கார்டுக்கு 5 செ.மீ. ஆழம், ரிம் தொடங்குகிற இடம் வரை மறைக்கும். முன் மட்கார்டுக்கு 2.5 செ.மீ.தான் வைத்தேன். மெரினா ரோட்டில் சாயங்காலக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது முன்சக்கரத்தில் ஆழமான பாவாடை இருந்தால் அது பாய்மரம், ஹேண்டில்பார் தானாகத் திரும்பும். பின்னால் அந்தப் பிரச்சினை இல்லை.

பாவாடையை மட்கார்டோடு சேர்க்க கேஸ் வெல்டிங் கொடுத்தால் தகரம் அலை அலையாக நெளியும். அதனால் 8 செ.மீ.க்கு ஒரு ரிவெட், நடுவில் முழுக்க ஈயப்பற்று. ரிவெட் பலத்துக்கு, ஈயம் இடைவெளியை மூட. ராடு பிரேக்கின் குதிரைலாடக் கம்பி ஏறி இறங்க முன்னும் பின்னும் வெட்டு விட வேண்டும், அந்த வெட்டையும் சதுரமாக விடாமல் மூன்று படியாக இறக்கினோம். யாருக்கும் தெரியாத இடம், ஆனால் எனக்குப் பிடித்த இடம் அதுதான். ராடு பிரேக்கை எடுத்துவிட்டு கேபிள் பிரேக் போடச் சொன்னவர்கள் உண்டு. ஹேண்டில்பாருக்கு இணையாக ஓடி மடங்கிக் கீழே இறங்குகிற அந்தக் கம்பிகள் ஏற்கெனவே டெக்கோ, யாரும் வரைந்து கொடுக்காமலே. மழையில் பிடிக்காது என்பது உண்மை, மழையில் மெதுவாகப் போகிறேன்.

ஹெட்லைட்டை வழக்கமான இடத்தில், ஹேண்டிலுக்கு முன்னால் வைக்கப் பார்த்தால், முன் பிரேக் ராடு அங்கேதான் மேலும் கீழும் போகிறது. அமெரிக்க வண்டிகள் பலவற்றில் லைட் முன் மட்கார்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும், எனக்கும் அதுதான் வழி. புல்லட் உருவத்துக்கு பாத்திரக் கடையில் ஒரு பித்தளைக் கிண்ணமும் ஒரு பித்தளைப் புனலும் வாங்கினேன். கிண்ணம் முகம், புனல் வால். எவர்சில்வரில் அழகாகக் கிடைக்கிறது, ஆனால் ஈயம் சீக்கிரம் ஒட்டாது, தனி ஆசிட் ஃபிளக்ஸ் வேண்டும். பித்தளை உடனே ஒட்டும், நிக்கலும் நன்றாக ஏறும். கடைக்காரம்மா "புனலோட வாயைச் சரியாப் பாத்து வாங்கு, கிண்ணம் பெருசு" என்றார், நான் எண்ணெய் ஊற்ற வாங்குகிறேன் என்று நினைத்து. மட்கார்டு தகரம் தனியாக இந்தக் கனத்தைத் தாங்காது, ஆடி ஆடி வெடிக்கும். உள்ளே 2 மி.மீ. தகட்டில் ஒரு தாங்கு கொடுத்து ஃபோர்க் தலையோடு போல்ட் போட்டிருக்கிறேன்.

பளபளப்புக்கு குரோமா நிக்கலா என்பதில் சண்டையே வரும். குரோம் பூச்சு வியாபாரத்துக்கு வந்தது 1920-களின் கடைசியில், நீலம் கலந்த வெளுப்பு. அதற்கு முந்தைய வழக்கம் நிக்கல், கொஞ்சம் மஞ்சள் சாயல், சூடான பளபளப்பு. பாட்டில் பச்சைக்குப் பக்கத்தில் நிக்கல்தான் எடுபடுகிறது, அதனால் ஹேண்டில், பிரேக் கம்பிகள், லைட், பேட்ஜ் நிக்கல். ரிம் மட்டும் குரோம், புதுசு. நிக்கலை அப்பப்போ துணி போட்டுத் துடைக்க வேண்டும், கடலோர ஊர் வேறு. பிளேட்டிங்குக்குக் கொடுக்குமுன் பஃபிங் உங்கள் கண் முன்னால் நடக்கட்டும், பூச்சு கீறலை மறைக்காது, எடுத்துக்காட்டும்.

பெயின்டுக்கு பவுடர் கோட்டிங் போய்விடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். உறுதியானதுதான். ஆனால் அதை அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சுட வேண்டும், என் மட்கார்டில் இருக்கிற ஈயப்பற்று ஏறக்குறைய அதே சூட்டில் உருகும். பேச்சு அதோடு முடிந்தது. பழைய பெயின்டைச் சுரண்டி, துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலவை தடவிக் கழுவி, எபாக்சி பிரைமர், தேவையான இடத்தில் மெல்லிய பட்டி, உப்புத்தாள் 400, பிறகு பி.யு. (பாலியூரிதீன்) பெயின்ட், 800, 1000 நம்பரில் தண்ணீர் போட்டுத் தேய்ப்பு. பட்டியை அள்ளி அப்பி வளைவை உண்டாக்குகிற பழக்கம் சில பட்டறைகளில் உண்டு, அது அதிர்வில் உதிரும். வளைவு தகரத்தில் வர வேண்டும், பட்டி ஊசி ஓட்டையை மூட மட்டும்.

உடம்பு பாட்டில் பச்சை, டேங்கின் மூன்று கோட்டுக்கு நடுவிலும் மட்கார்டு நடு முதுகிலும் கிரீம். இரண்டு நிறமும் சந்திக்கிற இடத்தில் 3 மி.மீ. தங்கக் கோடு. கோடு போட போர்டு எழுதுகிற பெயின்டர் ஒருவர் வந்தார். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவருக்குக் கோவில் வாகனமும் லாரியும்தான் வேலை. மாஸ்கிங் டேப்பைக் காட்டினேன், சிரித்தார். நீள மயிர்த் தூரிகையைத் தோய்த்து, சுண்டுவிரலைத் தகரத்தின் விளிம்பில் முட்டுக் கொடுத்து, மூச்சை விடாமல் பின்பக்கமாக நடந்துகொண்டே ஒரே இழுப்பு. விளிம்பு எப்படி வளைகிறதோ கோடும் அப்படியே வளைந்தது, டேப்பால் இது வராது. ஒரு எச்சரிக்கை: அவர் வழக்கமாகப் பயன்படுத்துகிற எனாமலின் மேல் பி.யு. கிளியர் அடித்தால் எனாமல் சுருங்கித் தோல் உரியும். ஒரு பழைய மட்கார்டுத் துண்டில் சோதித்துப் பார்த்து, கோட்டுக்கும் பி.யு. பெயின்டையே கலக்கிக் கொடுத்தோம். அது சீக்கிரம் இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டியிருந்தது, பெயின்டர் அண்ணன் அதற்கு மட்டும் முணுமுணுத்தார்.

செயின் கவர் முழுசு. செயின் வீலில் அழகான வெட்டு டிசைன் செய்து காட்டலாம் என்று தோன்றும், ஆனால் வேட்டியோடு ஓட்டுவதற்கும் சென்னைப் புழுதிக்கும் ஃபுல் கவர்தான் சரி. கவரின் பின்முனையை நீட்டிக் கூராக்கியதும் அது டேங்கின் வால் காட்டுகிற திசையையே காட்டியது, அங்கே வேறு அலங்காரம் வைக்கவில்லை.

சக்கரத்தை நானே கோத்தேன், முன்னால் 32 கம்பி, பின்னால் 40, கோட்டம் எடுக்க மட்டும் சைக்கிள் கடை அண்ணனிடம் போனேன், அவர் காதால் கோட்டம் எடுப்பவர், கம்பியைச் சுண்டிச் சுண்டிக் கேட்பார். வண்டி இப்போது 25 கிலோவை நெருங்குகிறது. அதனால் ஃப்ரீவீலை 18 பல்லிலிருந்து 20-க்கு மாற்றினேன், செயின் வீல் 44, பழைய கணக்கில் (பல் விகிதத்தைச் சக்கர விட்டத்தால் பெருக்குவது) 68 இன்ச் கியர் 62 ஆக இறங்கியது. மேம்பாலம் ஏற இது போதும், சமதளத்தில் கால் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். ஓட்டும்போது முதலில் தெரிவது கனம் இல்லை, சத்தம். பாவாடை மட்கார்டுக்குள் டயர் சுற்றுகிற சத்தம் அடங்கி ஒரு ஊஊ என்று வரும், வேறு எந்த சைக்கிளிலும் கேட்டதில்லை. சிக்னலில் நின்றால் ஆட்டோக்காரர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சார், எவ்ளோ மைலேஜ் குடுக்குது?"

பின் சக்கரம் பஞ்சர் ஆனால் கழற்றுவது பெரிய வேலை, ஃபுல் செயின் கவர், பாவாடை, பிரேக் ராடு எல்லாம் வழியில். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், செயின் இல்லாத பக்கமாக டயரின் ஒரு விளிம்பை மட்டும் வெளியே எடுத்து டியூபை இழுத்து ஒட்டலாம். பின் பாவாடை ரிம் வரைக்கும்தான் வருகிறது, சக்கரத்தின் கீழ்ப்பாதி திறந்தே இருக்கும், அங்கேதான் வேலை.

டேங்கின் உள்ளே இப்போது இரண்டு 18650 லித்தியம் பேட்டரி செல், இணையாகக் கோத்தது, 5200 எம்.ஏ.எச்., அதோடு ஒரு 3 வாட் எல்.இ.டி. டிரைவர். முழுப் பிரகாசத்தில் ஆறேழு மணி நேரம் எரிகிறது. சுவிட்ச் டேங்கின் அடியில், ஹாரன் பட்டன் மேலே. மீதி இடத்தில் பஞ்சர் கிட், டயர் லீவர், ஒரு 15-க்கு ஸ்பேனர். ஹெட்லைட் ஒயரை ஹெட் டியூப் பக்கத்தில் ஒரு சுற்றுத் தளர்வாக விட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் ஹேண்டில் திரும்பத் திரும்ப அறுந்துவிடும். டெயில் லேம்ப்புக்குப் பழைய டைனமோ செட் மாதிரி ஒரே ஒயர்தான், திரும்பி வருகிற வழி ஃபிரேமும் மட்கார்டும். ஆனால் எபாக்சியும் பி.யு.வும் ஏறின தகரத்தில் கரண்ட் போகாது, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் பெயின்டைச் சுரண்டி பல் வாஷர் போட வேண்டும். புதுப் பெயின்டைச் சுரண்ட இன்னும் கை வரவில்லை. இரண்டாவது ஒயர் இழுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், பின் மட்கார்டு பாவாடை மடிப்புக்குள் அதற்கு இடம் இருக்கிறது.